கொழுந்துக்கும் குளவிக்கும் நடுவே

உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் விதத்தை மாணவருக்கு விளக்க முற்படும் எந்த விஞ்ஞானப் பாடநூலைப் பிரித்தாலும், புல்லை வெட்டுக்கிளி தின்ன, வெட்டுக்கிளியைத் தவளை விழுங்க, தவளையைப் பாம்பும் பாம்பைப் பருந்தும் கவர்ந்து செல்ல, இத்தனையும் அம்புக்குறிகளால் கோக்கப்பட்டு ஒரு சங்கிலியாக நிற்பதைக் காணலாம். இந்தச் சங்கிலி பொய்யன்று. 1927ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சார்ள்ஸ் எல்டன் விலங்குச் சூழலியலைப் பற்றி எழுதிய நூலில் இதனை விரித்துரைத்தபோது, அது சிந்தனைக்கு ஒரு புது வழியைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்று இந்தச் சங்கிலியை மட்டும் மனனம் செய்து பரீட்சையில் புள்ளி பெற்றுவிடுமாயின், உயிர்களுக்கிடையே உள்ள சம்பந்தம் தின்பதும் தின்னப்படுவதும் மாத்திரமே என்றும், அது ஒரே நேர்கோட்டில் செல்வது என்றும், அந்தக் கோட்டின் நுனியில் நிற்கும் பெரிய பிராணியே அங்கு பிரதானமானது என்றும் தவறான எண்ணங்கள் அதன் மனத்தில் வேரூன்றிவிடுகின்றன. பிறகு அவற்றைக் களைவது எளிதன்று.

இவ்வெண்ணங்களைத் திருத்துவதற்கு ஆபிரிக்கச் சமவெளியின் சிங்கமும் வரிக்குதிரையும் வேண்டுவதில்லை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, நமுனுகுல, அப்புத்தளை என்று எந்தத் திசையில் போனாலும், தோட்டப் பாடசாலையின் சன்னலுக்கு வெளியே தெரிவது தேயிலை மலைதான். லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை அந்த மலையின் ஊடாகவே நாள்தோறும் நடந்து வருகிறது. அதன் தாயோ பாட்டியோ அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். இருந்தும், சூழற்றொகுதி என்ற பாடம் வரும்போது அந்த மலையை உதாரணமாகக் காட்ட ஆசிரியர் பலர் தயங்குகிறார்கள். மனிதன் காட்டை அழித்து நிரை நிரையாக நட்டு, கவ்வாத்து வெட்டி, உரம் போட்டு வளர்க்கிற இடம் இயற்கையாகுமா என்பது அவர்கள் ஐயம். எனக்கோ, அந்தக் காரணத்தினாலேயே அது சிறந்த பாடசாலை என்று தோன்றுகிறது. ஏனெனில், நூற்றைம்பது ஆண்டுகளாக ஊவாவின் மலைகளில் மனிதன் ஓர் உயிரை நீக்கி, வேறோர் உயிரைச் சேர்த்து, அதனால் விளைந்த நன்மை தீமைகளைத் தன் கண்ணாலேயே கண்டிருக்கிறான். அந்த விளைவுகளுக்குத் தேதியும் இடமும் உண்டு.

முதலாவது விளைவு தேயிலைக்கு முந்திய கோப்பியைப் பற்றியது. எத்தியோப்பியக் காடுகளில் பலவகை மரங்களின் நிழலில், ஒன்றுக்கொன்று விலகி வளர்ந்த செடி கோப்பி. அதனை இலங்கையின் மலைச்சரிவுகளில், இடையே வேறு விருட்சங்கள் இல்லாமல், ஏக்கர் ஏக்கராகத் தொடர்ந்து நட்டபோது, நட்டவர்கள் லாபத்தைக் கணக்கிட்டார்களேயன்றி அந்தச் செடியின் அண்டை அயலாரைக் கணக்கிடவில்லை. 1869ஆம் ஆண்டு மே மாதத்தில், பதுளைக்குக் கிழக்கே மடூல்சீமைப் பிரதேசத்தின் இளங்கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்திருப்பது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பங்கசுகளை ஆராய்வதில் வல்லவரான பெர்க்லி பாதிரியார் அவ்வாண்டு நவம்பரில் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். ஐந்து ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பிரதேசம் ஒன்றுகூட அந்நோய்க்குத் தப்பவில்லை.

1880இல் இலங்கைக்கு வந்து இரண்டாண்டுகள் தங்கி இந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் கையாண்ட உபாயம் மிகவும் எளியது. பசையுள்ள கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றில் மிதந்து வரும் வித்திகளை அவற்றில் பிடித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். நோய் காற்றில் பரவுகிறது என்பதும், ஈரமான இலையின் மேல் விழுந்த வித்தி முளைத்து இலைவாய்களின் வழியே உட்புகுகிறது என்பதும், இடைவெளியின்றி ஒரே செடியை நட்டு வைத்ததே அந்தக் காற்றுக்கு வாய்த்த வசதி என்பதும் இதனால் விளங்கின. அந்த விளக்கத்தால் கோப்பி பிழைக்கவில்லை. தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். ஆனால், ஓர் உயிர் எவ்வளவு பெருகுகிறது என்பது அதன் பலத்தை மட்டும் பொறுத்ததன்று, அதற்குக் கிடைக்கும் விருந்தோம்பியின் நெருக்கத்தையும் பொறுத்தது என்ற விதியை, மடூல்சீமையில் வாழும் பிள்ளை தன் ஊர்ச் சரித்திரமாகவே படிக்கலாம். இக்காலத்தில் மெக்சிக்கோ நாட்டுக் கோப்பித் தோட்டங்களில் வான்டர்மீரும் பெர்ஃபெக்டோவும் நீண்ட காலமாகச் செய்துவரும் ஆராய்ச்சி இவ்விதிக்கு ஒரு விசித்திரமான அநுபந்தம் சேர்த்திருக்கிறது. அங்கே நிழல்மரங்களில் கூடு கட்டும் ஒருவகை எறும்பு, கோப்பியின் சாற்றை உறிஞ்சும் பச்சைச் செதிற்பூச்சியை அதன் இனிப்புக் கழிவுக்காகக் காவல் காக்கிறது. செதிற்பூச்சி கூட்டமாய்ப் பெருகிய இடத்தில் அதனைக் கொல்லும் ஒரு வெண்பங்கசு தோன்றுகிறது. அந்த வெண்பங்கசோ கோப்பியின் துருநோயையும் தாக்குகிறது. எனவே எறும்பு கோப்பிக்குப் பகையா உறவா என்று ஒரு வார்த்தையில் விடை சொல்ல முடியாது. அம்புக்குறிச் சங்கிலியில் இந்த எறும்புக்கு இடமே இல்லை.

இனித் தேயிலைக்கு வருவோம். தேயிலையின் பகைகள் பல. அவற்றுள் இலைசுருட்டிப் புழு, ஹோமோனா என்னும் சிறு பழுப்பு அந்துப்பூச்சியின் குடம்பி. தாய்ப்பூச்சி முதிர்ந்த இலையின் மேல் செதில்களை அடுக்கினாற்போல் முட்டைகளைத் திரளாக இடுகிறது. பொரித்து வந்த குடம்பிகள் மெல்லிய நூலிழையில் தொங்கி, காற்று அடித்த பக்கம் பறந்து, வெவ்வேறு செடிகளைச் சேர்கின்றன. சேர்ந்த இடத்தில் ஒரு கொழுந்திலையை மடித்தோ, இரண்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியோ, பட்டு நூலால் தைத்து, அந்த அறைக்குள் ஒளிந்திருந்து உட்புறத்தைச் சுரண்டித் தின்கின்றன. கொழுந்து பறிப்பவள் பறிக்க வேண்டிய இலையையே இது தின்பதால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டத் துரைமாருக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. முட்டைத் திரள்களைக் கையால் பொறுக்கச் செய்வது முதலிய பிரயத்தனங்கள் பலன் தரவில்லை.

யாவாத் தீவிலும் இதே புழு உண்டு. ஆயினும் அங்கே அது இவ்வளவு தொல்லை தரவில்லை. காரணம், மேக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவி. நீண்ட உணர்கொம்புகளும், பின்முனையில் மயிரிழைபோல் நீண்ட முட்டையிடுகுழலும் கொண்ட இந்தக் குளவி, சுருட்டிய இலைகளைத் தேடித் திரிந்து, உள்ளே இருக்கும் இளங்குடம்பியின் உடலுக்குள் தன் முட்டையைச் செலுத்திவிடுகிறது. குடம்பி உடனே சாவதில்லை. வழக்கம்போல் தின்று வளர்கிறது. அதன் உடலுக்குள் குளவியின் புழு வளர்ந்து, முடிவில் அதனைத் தின்று தீர்த்து வெளிவந்து கூடு கட்டுகிறது. 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார், 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் இந்தக் குளவியை யாவாவிலிருந்து வருவித்து, வளர்த்து, இலங்கைத் தோட்டங்களில் விட்டனர். சில ஆண்டுகளில் குளவி பரவியது, புழு அடங்கியது. பூச்சியைக் கொண்டே பூச்சியை அடக்கிய முயற்சிகளுள் உலகத்தார் இன்றும் எடுத்துக் காட்டும் வெற்றிகளில் இதுவும் ஒன்று. தற்செயலாக நேர்ந்த மற்றொரு விஷயமும் இங்கே குறிப்பிடத்தக்கது: சூழற்றொகுதி என்னும் கருத்தை ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் டான்ஸ்லி ஓர் ஆய்வுக் கட்டுரையில் முதன்முதலாக வெளியிட்டதும் அதே 1935ஆம் ஆண்டில்தான். கருத்துப் பிறந்த வருஷத்திலேயே அதற்கு ஒரு பரிசோதனை இலங்கை மலைகளில் தொடங்கிவிட்டது.

பரிசோதனையின் இரண்டாம் பாகம் இன்னும் முக்கியமானது. அதனை விளங்கிக்கொள்ள வேறொரு பூச்சியை அறிமுகம் செய்தல் வேண்டும். தேயிலைத் தண்டில் பென்சில் நுனி அளவுக்கு வட்டத் துளை போட்டு உட்புகும் சிறு கருவண்டு ஒன்றுண்டு. இரண்டு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும் நீளந்தான் அதற்கு. துளை விழுந்த கிளை, பறிப்பவள் சாய்ந்தாலே முறிந்துவிடும். நடுத்தர உயரமுள்ள மலைகளில், ஊவாவில் விசேஷமாக, இதன் தொல்லை அதிகம். இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை என்பதுதான் ஆச்சரியம். துளைத்த சுரங்கத்தின் சுவரில் அது ஒரு பங்கசைப் பயிரிடுகிறது. தானும் தன் குடம்பிகளும் உண்பது அந்தப் பங்கசையே. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் என்னும் இருவர் 1947இல் அந்தப் பங்கசை ஆராய்ந்து விவரித்தனர். தாய்வண்டு தான் பிறந்த சுரங்கத்தை விட்டு வேறு செடிக்குப் பறந்து செல்லும்போது, பிறந்த வீட்டிலிருந்து விதைநெல் முடிந்துகொண்டு புகுந்த வீடு போகிறவளைப்போல, வாயருகே உள்ள சிறு பைகளில் பங்கசின் வித்திகளைச் சுமந்து செல்கிறது. வண்டு இன்றிப் பங்கசு புதிய செடியை அடையாது. பங்கசு இன்றி வண்டின் குஞ்சுகள் பிழைக்கா. பரஸ்பர உதவி என்று நாம் மாணவருக்குச் சொல்லும் உறவு, மூன்றாவது தரப்பாகிய தேயிலைச் செடிக்கு நாசமாக முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்த புதிய பூச்சிகொல்லிகள் மனிதருக்கு ஒரு மயக்கத்தை உண்டாக்கின. 1950களில் இந்தத் தண்டு துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காகத் தேயிலை மலைகளில் டீல்ட்ரின் என்னும் மருந்து அடிக்கப்பட்டது. அது எளிதில் சிதையாமல் நெடுநாள் தங்கும் விஷம். வண்டு குறைந்தது உண்மை. ஆனால் மருந்து அடித்த மலைகளில், இருபது ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு திரும்பவும் பெருக்கெடுத்தது. புழுவுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. வண்டுக்குச் செய்ததன் பலனைப் புழு அநுபவித்தது. யாவாக் குளவி மடிந்துபோனதே அதற்குக் காரணம்.

குளவி ஏன் மடிந்தது, புழு ஏன் பிழைத்தது என்று மாணவர் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் ஆசிரியர் கேட்பிக்கவேண்டும். புழு இலையைத் தைத்து அதனுள்ளே இருக்கிறது. மருந்து பெரும்பாலும் வெளியிலே படிகிறது. குளவியோ புழுவைத் தேடி இலை இலையாகக் கால் பதித்து அலைய வேண்டியது. தேடுதலே அதன் ஜீவனம் என்பதால், தேடத் தேட விஷம் அதன் உடலில் ஏறுகிறது. இரண்டும் ஒரே அளவில் செத்தாலுங்கூட அநுகூலம் புழுவின் பக்கமே இருக்கும். எஞ்சிய புழுக்களுக்கு இலை நிறைய உண்டு. எஞ்சிய குளவிகளுக்குப் புழு கிடைப்பது அருமை. இத்தாலியக் கணித அறிஞர் வொல்டெரா 1926இல் அட்ரியாட்டிக் கடலின் மீன்களைப் பற்றிக் கணக்கிட்டு, இரையையும் இரைகௌவியையும் வேறுபாடின்றிக் கொன்றால் இறுதியில் பெருகுவது இரையே என்று நிறுவியிருந்தார். கடலில் கண்ட கணக்கு மலையில் பலித்தது. பிற்காலத்தில், 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை உலகெங்கும் விலக்க வேண்டிய பன்னிரண்டு நச்சுப் பொருள்களின் முதற்பட்டியலை வகுத்தபோது, டீல்ட்ரினும் அதில் இடம்பெற்றது.

இத்தனையும் சரித்திரம். வகுப்பறையில் இதைப் பிரத்தியட்சமாக்க ஒரு ஜாம் போத்தலும், மெல்லிய துணித்துண்டும், ஓர் இறப்பர்ப் பட்டியும் போதும். மருந்து அடிக்காத ஓர் ஓரத்துச் செடியிலிருந்து, நூலால் தைக்கப்பட்ட இலைகள் சிலவற்றைக் காம்போடு கிள்ளிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மெதுவாகப் பிரித்துக் காட்டலாம். வெள்ளை நூலிழைகள் விரல்களுக்கிடையே இழுபடும்; உள்ளே கடுகுபோல் கருநிற எச்சம் கிடக்கும்; இலையின் உட்புறம் சுரண்டப்பட்டுப் பழுப்புத் தோல் மட்டும் எஞ்சியிருக்கும்; பச்சைநிறக் குடம்பி வெளிச்சம் பட்டதும் பின்னோக்கி நெளிந்து, ஓரத்துக்கு வந்ததும் ஒரு நூலில் தொங்கிக் கீழே இறங்கித் தப்பப் பார்க்கும். மற்றவற்றைப் பிரிக்காமல் போத்தலில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, இலை வாடுமுன் புதிய இலை வைத்துவர வேண்டும். சில வாரங்களில் சில போத்தல்களிலிருந்து அந்துப்பூச்சி வெளிவரும். சிலவற்றில், புழு இருந்த இடத்தில் புழு இல்லாமல், கூடுகளும் அவற்றிலிருந்து பறக்கும் குளவிகளும் இருக்கும். எத்தனை போத்தலில் எது வந்தது என்று கரும்பலகையில் எழுதி, ஒரே புழுவிலிருந்து இரண்டுவகைப் பூச்சி எப்படி வரும் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் மௌனமாயிருப்பது நலம். விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். இந்த இடத்தில் அது பாடத்தையே கெடுத்துவிடும்.

குளவி என்ற சொல்லைக் கேட்டவுடன் தோட்டத்துப் பிள்ளை அஞ்சுவது இயல்பு. கொழுந்து பறிக்கையில் கூடு கலைந்து, குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத தோட்டம் ஊவாவில் இராது. மரக்கிளையிலும் பாறையிலும் கூடு கட்டும் பெரிய மலைத்தேனீயும் அங்கே குளவி என்றே பேசப்படும். ஆகையால், போத்தலுக்குள் பறக்கும் இந்தச் சிறு பூச்சி மனிதரை நாடி வந்து கொட்டுவதன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் கூடையில் விழும் கொழுந்தைக் காப்பாற்றும் குளவியும் உண்டு என்று அறிந்த பிள்ளை, நன்மை செய்யும் பிராணி, தீமை செய்யும் பிராணி என்று இரண்டு பட்டியல் போடும் பழக்கத்தைத் தானே கைவிடும்.

மண்ணுக்குக் கீழேயும் பாடம் உண்டு. நிழலுக்காக நடப்படும் முள்முருக்கின் இளங்கன்றைப் பக்குவமாகத் தோண்டியெடுத்து வேரைக் கழுவினால் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே குடியிருக்கும் றைசோபியம் என்னும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்குப் பயன்படும் உருவில் மாற்றிக் கொடுத்து, மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. முருக்கின் தழையை வெட்டிச் செடியடியில் போடும்போது அந்த நைதரசன் தேயிலையையும் வந்தடைகிறது. அதே மண்ணில் தேயிலை வேரைத் துளைத்து வாழும் நுண்ணிய வட்டப்புழுவும் உண்டு. அதற்கு விஞ்ஞானிகள் சூட்டிய பிராட்டிலென்கஸ் லூசி என்ற பெயரில், முன்பு கூறிய லூஸ் அவர்களின் ஞாபகம் நிலைத்திருக்கிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுமுன் ஒன்றரை இரண்டு வருஷம் மானாப்புல் வளர்ப்பது ஏன் என்று பிள்ளைகள் வீட்டில் விசாரித்து வரலாம். மண்ணுக்கு மட்கு சேர்வது ஒரு காரணம். உண்ணும் வேர் இல்லாமல் வட்டப்புழு பட்டினியால் குறைவது மற்றொரு காரணம். மருந்தின்றி, உறவை அறுப்பதனாலேயே ஓர் உயிரை அடக்கும் வழி அது.

உயிரற்ற பொருள்களுக்கும் இந்த உறவில் பங்குண்டு. ஊவாவில் அதைக் காட்டக் காற்று ஒன்றே போதும். ஆடி ஆவணியில் மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் வறண்ட கச்சானாக இறங்கும் காற்று, உலகம் விரும்பும் ஊவாத் தேயிலையின் மணத்துக்குக் காரணமாகிறது. 1946இல் இலங்கைக்கு வந்துசேர்ந்த கொப்புள நோய்ப் பங்கசு ஈரத்தில் செழித்து வெயிலில் மடிவதாதலால், மேற்கு மலைகளில் அது ஆர்ப்பரிக்கும் மாதங்களில் இங்கே ஒடுங்கிக் கிடக்கிறது. அதே வறட்சியோ செஞ்சிலந்திப் பேனுக்கு உகந்த காலமாகி, இலைகளைச் செம்பழுப்பாக்கிவிடுகிறது. ஒரே காற்று மணத்தையும் கொடுத்து, ஒரு பகையை அடக்கி, இன்னொரு பகையை அழைத்தும் வருகிறது.

பெரிய மிருகங்களை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். தேயிலை மலைகளில் சிறுத்தை உண்டு. லயத்தருகே குவியும் குப்பைக்கு நாயும் காட்டுப்பன்றியும் வர, நாயைத் தேடிச் சிறுத்தை வர, பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிச் சாகிற செய்தியை மலையக மக்கள் பத்திரிகையில் அடிக்கடி படித்திருப்பார்கள். அதுவும் சூழற்றொகுதிப் பாடந்தான். ஆனால் சிறுத்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பிள்ளைகள் புழுவைக் கவனிக்க மாட்டார்கள். ஆகையால் அதைப் பாடத்தின் முடிவில் பேசுவதே யுக்தி.

மனனம் செய்த சங்கிலியைத் திருப்பி எழுதச் சொல்லும் பரீட்சைக் கேள்வியால் இந்த அறிவை அளக்க முடியாது. தண்டு துளைக்கும் வண்டுக்கு மருந்து அடித்தால் இலைசுருட்டிப் புழு ஏன் பெருகும் என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தே வரியில் காரணம் சொல்லும் பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது. ஊவாவின் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: இந்த அத்தியாயம் வரும் தவணையில் இரண்டு பாடவேளையைச் சுவர்களுக்கு வெளியே செலவிடுங்கள். மருந்து அடித்த நாளும் மலையும் எவை என்று கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குளவிக்கூடு இருக்கும் பக்கம் போகாதீர்கள். கம்பளிப்பூச்சியை வெறுங்கையால் தொடவிடாதீர்கள். தோட்ட நிர்வாகத்தாரும், பாடசாலை வேலியை ஒட்டிய ஒரு நிரைத் தேயிலையை மருந்து படாமல் விட்டுக் கொடுத்தால், அந்த நிரை பல வகுப்பு மாணவருக்கு ஆய்வுகூடமாகப் பயன்படும்.